மூன்று மணிச் சர்க்கரை

பிப்ரவரி 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நான் முழு நலமாக இல்லை. முதல் வரியிலேயே பொய் எழுத வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன்.

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆஸ்பத்திரியில் நான் உன் கையில் கொடுத்த நன்றி அட்டைக்கும் பதில் இல்லை. அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. எனக்கு ஒரு புதிர் வந்து சேர்ந்திருக்கிறது. கருவிகளோடும் அளவுகளோடும் வேலை பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். போனில் கேட்கலாம் என்றால், இருபத்தெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊராருக்கு லைன் போட்டுக் கொடுத்ததில் என் இடது காது போய்விட்டது. வலது காதுக்குப் போன் என்றாலே ஆகாது. ஆகவே கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் ஆறாம் தேதி நீ கொடுத்த சிறுநீரகம் என் அடிவயிற்றின் வலது பக்கத்தில் ஒழுங்காக வேலை செய்கிறது. ரத்தத்தை அது எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்கிறது என்பதைக் கிரியாட்டினின் என்ற எண் காட்டும். குறைவாக இருந்தால் நல்லது. எனக்கு 1.1. டாக்டர் அதைப் பார்த்து இரண்டு முறை தலையை ஆட்டினார். அடுத்த தாளைப் பார்த்ததும் ஆட்டுவதை நிறுத்திவிட்டார். அது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி. 8.4. ஆறரையைத் தாண்டினாலே சர்க்கரை நோயாம். அறுபத்தாறு வயது வரை எனக்குச் சர்க்கரை இருந்ததில்லை.

தினமும் காலை ஆறேகாலுக்குக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி ஒரு துளி எடுத்துப் பார்க்கிறேன். எண்பத்தெட்டு நாள், ஒரு நாள் விடவில்லை. 94, 101, 97. ஒரு நாளும் 108-ஐத் தாண்டியதில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் காலையில் வெறும் வயிற்றில் பார்க்கவும் என்று அச்சடித்திருந்தது. நாளுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்கு ஓர் எண் எழுதினேன்.

சர்க்கரைப் பிரிவில் இருக்கும் நர்ஸ் என் நோட்டையும் அந்தச் சராசரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா, மறைக்காம சொல்லுங்க. வீட்ல இனிப்பு ஏதாவது சாப்பிடுறீங்களா? இல்ல, நம்பர மாத்தி எழுதிட்டீங்களா? நிறைய பேர் பண்றதுதான், நான் திட்ட மாட்டேன்" என்றாள். என் வயதில் பாதி இருக்காது. கன்னியாஸ்திரிகளிடம் பதினோரு வருடம் படித்தவள் நான். எங்கள் கணக்கு மதர் வகுப்பைவிட்டு வெளியே போனாலும் பக்கத்துப் பெண்ணின் விடைத்தாளைத் திரும்பிப் பார்க்காதவர்கள் நாங்கள். நோட்டை மூடிக்கொண்டு எழுந்து வந்தேன். என் வீட்டில் சமைக்கும் பெண் உடன் வந்திருந்தாள். அவள் நர்ஸ் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சர்க்கரை டப்பாவைத் தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் மார்ச் 5 வரை கெடு கொடுத்திருக்கிறார். சர்க்கரை இப்படியே இருந்தால் இந்தச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்று சொன்னார். உன்னிடம் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் பொருள் உன்னுடையது.

மூன்று கேள்விகள்:

1. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா? கொடுக்கும்போது எதையாவது சொல்லாமல் விட்டாயா?

2. ஒரு கருவி தினமும் சரியாகக் காட்டியும் மொத்தம் தப்பாக வர முடியுமா?

3. கொடுத்தவர்களும் ஆறாவது வாரத்தில் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று உனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். போனாயா? எண்கள் என்ன?

எண் போட்டுப் பதில் எழுதவும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி


பிப்ரவரி 15

அண்ணி,

உங்கள் அட்டையை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு யாராவது உறுப்பு கொடுத்தால் உதவும்.

அன்று ஊருக்குக் கிளம்பும்போது, தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உங்கள் கட்டிலருகே பத்து நிமிடம் நின்றேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினீர்கள். ரயிலில் பிரித்தேன். "தாங்கள் செய்த பேருதவிக்கு என்றென்றும் கடமைப்பட்டுள்ளேன்." கீழே இனிஷியலோடு முழுக் கையெழுத்து. நாற்பது வருடமாக என்னை 'ஏய், இங்க வா' என்று கூப்பிட்டவர் நீங்கள். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, எந்த ஆபீசில் ரிட்டயர் ஆனீர்கள் என்று என்னைக் கேட்டார்.

சரி, உங்கள் கேள்வித்தாளுக்கு வருகிறேன்.

1. யாருக்கும் இல்லை. சாகும்வரை தேநீரில் நாலு கரண்டி போட்டுக் கலக்கிய என் அண்ணனுக்கே இருந்ததில்லை, உங்களுக்குத் தெரியாதா? கொடுப்பதற்கு முன் என்னை வெறும் வயிற்றில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, உட்காரவைத்து, திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். தேறிவிட்டேன். நான் உங்களுக்கு அழுகின பழத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கவில்லை.

2. கருவி சரி. உங்கள் கடிகாரம்தான் தப்பு.

எங்கள் வானிலை நிலையத்தின் பின்புறம், புல்லுக்கு நடுவில், காற்றுப் புக இடைவெளி விட்டுப் பலகை அடித்த ஒரு வெள்ளைப் பெட்டி நாலு காலில் நிற்கும். வெப்பமானி அதற்குள் இருக்கும். முப்பத்து மூன்று வருடம், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அதன் கதவைத் திறந்து பார்த்து எழுதினேன். மழையோ காய்ச்சலோ எழுதித்தான் ஆக வேண்டும். ஏன் மூன்று மணிக்கு ஒரு தடவை? விடிகாலையில் ஊர் எப்போதும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அதை மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனால், எங்கள் ஊர் மலை வாசஸ்தலம் என்று பதிவேடு சொல்லும். வெயில் உச்சிக்கு வருவது மத்தியானம் தாண்டி.

நீங்கள் எண்பத்தெட்டு நாளாக விடிகாலையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கட்டம் ஒன்றுதான் இருந்தது என்பதற்காக! அண்ணி, உங்களைத் தவிர வேறு யாரும் அவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்ய முடியாது.

செய்ய வேண்டியது: மூன்று நாள், காலை ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மாலை மூன்று, ஆறு, இரவு ஒன்பது. பக்கத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எந்த மாத்திரை, உட்கார்ந்திருந்தீர்களா நடந்தீர்களா, எல்லாம். உங்கள் எண்களைப் பார்க்காமல் இனி எனக்குச் சோறு இறங்காது. உடனே எழுதுங்கள்.

மிளகு


பிப்ரவரி 23

அன்புள்ள நாத்தனாருக்கு,

அட்டை வந்து சேர்ந்தது. அதைப் பற்றி இப்போது பேச்சில்லை.

மிளகு என்று உன் அண்ணன் உனக்கு வைத்த பட்டப்பெயரை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. பொருத்தம் இல்லாமல் இல்லை என்று இந்த முறை தோன்றியது.

நீ சொன்னபடியே செய்தேன். முதல் நாள், நேரப்படி: 97, 148, 171, 246, 232, 158. மூன்று மணிக்கு 246 என்று கண்டதும் நம்பாமல், கையை மறுபடி கழுவி வேறு விரலில் பார்த்தேன். 243. என் உடம்புக்குள் ஒரு மத்தியானம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

இரண்டாம் நாள் ஒரு பருக்கை கூடாமல் குறையாமல் அதே சாப்பாடு. மூன்று மணிக்கு 251. மூன்றாம் நாள் மதியம் சோறே வேண்டாம் என்று சொல்லி, இரண்டு முட்டையும் வேகவைத்த காயும் மட்டும். சமையல் பெண் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மூன்று மணிக்கு 203. சோறு இல்லாமல் 203! நீ கேட்காத நான்காம் நாள் ஒன்றும் என் சொந்த யோசனையில் செய்தேன். சோறு சாப்பிட்டுவிட்டு, எங்கள் மாடி வராந்தாவில் இருபது நிமிடம் போய் வந்து கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வக்கீல் கதவைத் திறந்து, சாவியைத் தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். மூன்று மணிக்கு 211. நடைக்கு நாற்பது குறைகிறது என்று எழுதிக்கொண்டேன். இவ்வளவு ஆவலோடு ஒரு நோட்டை நான் நிரப்பிப் பல வருடம் ஆகிறது.

சோறு மட்டும் காரணமில்லை என்று தெரிந்துவிட்டது. பிறகு வேறு என்ன? ஆபரேஷனுக்கு முன் இல்லாமல் இப்போது மட்டும் இருப்பதை எல்லாம் எழுதினேன். மாத்திரைகள்தான். பெட்டிகளில் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாள்களை உன் அண்ணனின் பூதக்கண்ணாடி வைத்து ஒன்றுவிடாமல் வாசித்தேன். காலை எட்டு மணிக்கு எடுக்கும் சிறிய வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு. சர்க்கரையை உயர்த்தக்கூடும் என்று அதிலேயே போட்டிருக்கிறது. எட்டு மணிக்கு விழுங்கினால் மதியம் தாண்டி உச்சிக்குப் போய், மறுநாள் விடிவதற்குள் இறங்கிவிடுகிறது. அது இறங்கிய பிறகுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் வந்தால் சோதிக்க வேண்டும் அல்லவா? 21-ஆம் தேதி முதல் அந்த மாத்திரையைக் கத்தியால் சரிபாதியாக வெட்டி, ஒரு பாதியை மட்டும் எடுக்கிறேன். சாப்பாடு அதே. மூன்று மணி: 219. மறுநாள் 198. இன்று 187. குறைகிறது, பார்த்தாயா. மார்ச் 5 வரை இப்படியே எடுத்து, முழு நிரூபணத்தையும் அந்த நர்ஸின் மேசை மேல் வைப்பதாக இருக்கிறேன். அதுவரை யாரிடமும் சொல்வதாக இல்லை.

மூன்றாம் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. ஒன்று, இரண்டு என்று எண் போட்டவள் மூன்றைப் போடவில்லை. கவனித்தேன்.

உன் அண்ணி


பிப்ரவரி 27

அண்ணி,

உங்கள் கடிதம் இன்று பதினொரு மணிக்கு வந்தது. பதினொன்று பத்துக்கு நான் போன் செய்தேன். நான் கத்தியதில் எவ்வளவு உங்கள் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் நீங்கள் பழைய வேலை ஞாபகத்தில், "லைன் கரகரன்னு இருக்கு, நிதானமா பேசுங்க" என்றீர்கள். அதனால் சொன்னதை எழுத்திலும் வைக்கிறேன். இது கிடைப்பதற்குள் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போயிருப்பீர்கள். இல்லையென்றால் அடுத்த ரயிலில் நானே வருவேன்.

நான் சொன்னது: "அந்த மாத்திரை சர்க்கரைக்காக இல்ல அண்ணி. என்னோடத உங்க உடம்பு அந்நியம்னு நினைச்சு வெளிய தள்ளாம இருக்கறதுக்கு. அதுக்குக் காவல் அது. காவலைப் பாதியா வெட்டிட்டு, நம்பர் குறையுதுன்னு எனக்கு லெட்டர் போடுறீங்க. இப்பவே டாக்டருக்குப் போன் பண்ணுங்க. அவர் சொல்ற அளவு, அவர் சொல்ற நேரம். உங்க கத்திய தூக்கிப் போடுங்க."

இன்னும் ஒன்றும் சொன்னேன். அதை எழுத மாட்டேன். கேட்டிருந்தால் மறந்துவிடுங்கள்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். கோடை. மேலிடத்திலிருந்து யாரோ வருவதாக இருந்தது. எங்கள் அதிகாரிக்கு அந்த வாரத்து எண்கள் பிடிக்கவில்லை. பெட்டி மேல் ஒரு ஈரச் சாக்கைப் போடு என்றார். போட்டேன். வெப்பமானி மூன்று டிகிரி இறங்கியது. இறங்கியதை அப்படியே எழுதினேன். நாலு நாள். வெளியே தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு நடக்க முடியவில்லை. ஊர் குளிர்ந்துவிட்டதாகப் பதிவேட்டில் என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்த அதிகாரி சொல்லியும் நான் சாக்கைத் தொடவில்லை.

நீங்கள் மார்ச் 5 வரை சாக்குப் போட்டு வைப்பதாக இருந்தீர்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். நல்ல எண்ணோ கெட்ட எண்ணோ, வந்ததை எழுதுங்கள்.

மிளகு


மார்ச் 7

அன்புள்ள நாத்தனாருக்கு,

போனில் நீ சொன்ன எல்லாம் வலது காதில் விழுந்தது. எழுத மாட்டேன் என்றாயே, அதுவும் விழுந்தது. "நீங்க போய்ட்டா எனக்கு அண்ணின்னு கூப்பிட யாரு இருக்கா?" லைன் கரகரவென்று இல்லை. எனக்கு யோசிக்கக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

அன்றே போனேன். கிரியாட்டினின் 1.4. டாக்டர் இந்த முறை தலையை ஆட்டவில்லை. உடம்பு சண்டைக்குக் கிளம்புவதுபோல் இருக்கிறது, இன்னும் சண்டை ஆரம்பிக்கவில்லை என்றார். மூன்று நாள் படுக்க வைத்தார்கள். நான் பாதியாக வெட்டிய மாத்திரையை இப்போது பல மடங்காகக் கொடுத்தார்கள். என் நிரூபணம் அங்கேயே முழுமையாகிவிட்டது: மூன்று மணிக்கு 312. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த மூன்று நாளும் வயிற்றின் வலது பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அது அங்கேதான் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

மார்ச் 5 அன்று 1.2. தப்பித்தோம்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு நாள் சர்க்கரை நர்ஸ் வந்து, "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்று கேட்டாள். நோயாளியாக ஆன நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று தலை நிமிர்ந்து சொன்னவள் நான். அன்று இல்லை என்று சொன்னேன். முன்பு அவள் சந்தேகப்பட்டபோது நான் குற்றமற்றவள், கோபித்துக்கொண்டு வந்தேன். இப்போது குற்றவாளி, அவள் சந்தேகப்படவே இல்லை. கணக்கு மதர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும், அதனால் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு நோட்டை நீட்டினேன். அவள் நின்றபடியே பார்க்க ஆரம்பித்து, கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மணி வரிசையில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். சோறில்லாத நாள் எது, நடந்த நாள் எது என்று கேட்டாள். மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "இத போட்டோ எடுத்துக்கலாமாம்மா? மத்தவங்களையும் காலையில மட்டும்தான் பாக்கச் சொல்லிட்டு இருக்கோம்" என்றாள். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நான்காம் நாளில் ஓர் எண் சரியாகத் தெரியவில்லை என்று அதை மட்டும் திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

டாக்டர், "கண்டுபிடிச்சது சரி, செஞ்சது தப்பு" என்றார். மாத்திரை அப்படியே இருக்கும், அவர் மெல்ல மெல்லக் குறைப்பார். அது ஏறும் நேரத்தில் கூடவே ஏறி, அது இறங்கும்போது இறங்குகிற மாதிரி, காலையில் ஒரு இன்சுலின் ஊசி. மதியத்துக்குப் பிறகு நடை. காலை எண்ணை விடாமல் பார்க்க வேண்டும், இன்சுலினால் அது ரொம்பவும் கீழே போய்விடக்கூடாது. ஊசி போட முதல் நாள் சமையல் பெண்ணைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். இரண்டாம் நாள் இல்லை.

என் முதல் கேள்வியின் பின்பாதியை அடித்துவிடு. கேட்டிருக்கக் கூடாது.

மூன்றாவது கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். நீ போகவில்லை, அல்லவா? வந்ததை எழுதச் சொன்னவள் நீ.

அண்ணி


மார்ச் 15

அண்ணி,

3. போகவில்லை. இப்போது போய்விட்டு வந்தேன்.

ஜனவரியிலிருந்து பின்மண்டையில் ஒரு வலி. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். அது கண்ணாடி வலி இல்லை என்று எனக்கே தெரியும். போனால் ஓர் எண் சொல்வார்கள். அது நல்ல எண்ணாக இல்லாவிட்டால் உங்களுக்கு எழுத வேண்டும். எழுதினால், என்னால்தான் என்று நீங்கள் அதையும் உங்கள் நோட்டில் ஏற்றிக்கொண்டு, சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பீர்கள். இன்னொரு அட்டை வேறு வரும். அதனால் பெட்டியைத் திறக்காமலே விட்டேன். ஆக, நானும் சாக்குப் போட்டவள்தான். இரண்டாம் தடவை.

எண்கள்: கிரியாட்டினின் 1.0. ஒற்றையாக வேலை பார்ப்பவருக்கு இது நல்ல மார்க் என்றார் டாக்டரம்மா. ரத்த அழுத்தம் 156-க்கு 96. அது நல்ல மார்க் இல்லை. இந்த வயதில் இரண்டு சிறுநீரகம் வைத்திருப்பவர்களுக்கும் வருவதுதான், உப்பைக் குறை, தினமும் ஒரு மாத்திரை என்றார். எத்தனை நாளாகத் தலைவலி என்று கேட்டார். சொன்னேன். உங்களைப் போலவே ஒரு பார்வை பார்த்தார்.

மாத்திரையைப் பாதியாக வெட்டவில்லை. என் வீட்டில் கத்தி மொட்டை.

உங்கள் மூன்று மணி இப்போது என்ன?

மிளகு


மார்ச் 21

மிளகு,

156-க்கு 96 என்று படித்ததும் சோறு இறங்கவில்லை. உனக்கு அது தெரிந்திருந்தது. ஆனால் தெரியாமல் இருந்த மூன்று மாதத்தைவிட இது மேல். வெள்ளைப் பெட்டிக்கு நாலு பக்கமும் பலகை, கதவு ஒன்று. அதைத் திறக்க ஓர் ஆள் வேண்டும் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய்.

அன்று ஆஸ்பத்திரியில் நீ கட்டிலருகே நின்ற பத்து நிமிடமும் எனக்கு வாய் வரவில்லை. திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். நர்ஸ் பக்கத்தில் இருந்தாள். ஒருவேளை பேச முடியாமல் போனால் என்று முந்தின நாளே எழுதித் தலையணைக்கு அடியில் வைத்திருந்த அட்டை அது. அப்படியே முடியாமல் போயிற்று. எனக்குத் தெரிந்த மரியாதையை எழுதினேன். அது உனக்கு ஆபீஸ் கடிதமாகப் படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதை இத்துடன் மறுபடி அனுப்புகிறேன். கோபிக்காதே, திருப்பிப் பார். பின்பக்கம் வழுவழுப்பான நல்ல காகிதம். அதில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறேன். இடப் பக்கம் என்னுடைய மூன்று மணிச் சர்க்கரை, வலப் பக்கம் உன்னுடைய மூன்று மணி ரத்த அழுத்தம். நான் விரலில் குத்தும் நேரத்தில் நீ கையில் பட்டையைக் கட்டு. அளக்கும் கருவி உன்னிடம் இல்லையென்றால் வாங்கு. ஒரு வாரம் அட்டை உன்னிடம், ஒரு வாரம் என்னிடம். தபாலில் போய் வரட்டும்.

என் பக்கத்தை இந்த வாரத்துக்கு நிரப்பிவிட்டேன். 188, 179, 183, 164, 170, 166. ஆறு எண்கள்தான் இருக்கும். ஏழாவது நாள் வக்கீலின் மனைவி பிடித்துவைத்துப் பேசியதில் மூன்று மணி தாண்டிவிட்டது. மூன்றரைக்குப் பார்த்து அதை மூன்று என்று எழுத மனம் வரவில்லை. கட்டத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். என் நோட்டுகளில் இதுதான் முதல் கோடு. பார்த்துச் சிரித்துக்கொள்.

உன் பக்கம் காலியாகத் திரும்பி வந்தால் நான் போன் செய்வேன். வலது காதில் வைத்துக்கொண்டு, நீ எண்ணைச் சொல்லும் வரை லைனை விட மாட்டேன்.

அண்ணி